டாப் டெம்போ பெட்டி தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

வீட்டில் கட்டிய டாப் டெம்போ பெட்டிகளில் வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே பத்து வகைதான். டாப் டெம்போ என்றால் தட்டி வேகம் வைப்பது: பட்டனைத் தாளத்துக்குத் தட்டினால், அந்த வேகத்தில் சிந்தசைசரின் சீக்வென்சர் (நோட்டுகளைப் படிப்படியாகத் தானே வாசிக்கும் பகுதி) ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். பொருள் மாற்ற வேண்டியது கடைசியில் வரும்.

நான் மனதில் வைத்திருக்கும் சுற்று இதுதான்: ஒரு அர்டுயினோ நானோ (நிரல் ஏற்றி ஓட்டும் சின்னப் பலகை), அழுத்தினால் கிரவுண்டோடு சேரும் பட்டன், ஒரு எல்இடி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வெளியே போகும் 3.5 மி.மீ. மோனோ ஜாக், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர். நானோவுக்குப் பதில் ஏடிடைனி85 என்ற சின்னச் சிப்பை வைத்துக் கட்டியவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

## எதையும் கழற்றுவதற்கு முன்: எல்இடியைப் பாருங்கள்

க்ளாக் பல்ஸ் (வேகத்தைச் சொல்லச் சிந்தசைசருக்கு அனுப்பும் மின் துடிப்பு) போகும் அதே நேரத்தில் எல்இடியும் மினுக்கும்படி நிரல் எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை என்றால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். சிந்தசைசர் கேபிளைப் பிடுங்கிவிட்டு நாலு முறை தட்டிப் பாருங்கள்.

- எல்இடி சரியான வேகத்தில் மினுக்குகிறதா? அப்படியானால் பட்டன், மின்சாரம், நிரலின் பெரும்பகுதி எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன. கோளாறு ஜாக் பக்கம்.
- மினுக்குகிறது, ஆனால் வேகம் தப்பா? பட்டன் பக்கமோ நிரலிலோ இருக்கிறது. சிந்தசைசரைத் தொடவே வேண்டாம்.
- மினுக்கவே இல்லையா? மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள்.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சிப்பை மாற்றுவதும் ரெகுலேட்டரை மாற்றுவதும் வீண் வேலை.

## அறிகுறி: பெட்டி உயிரே இல்லாமல் கிடக்கிறது

முதலில் 5 வோல்ட் வருகிறதா என்று நானோவின் 5 வோல்ட் முனையிலேயே அளந்து பாருங்கள், ரெகுலேட்டர் காலில் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாலிடர் விட்டுப்போயிருக்கலாம்.

வரவில்லையா? 78எல்05 போட்டிருந்தால் கால்களின் வரிசையைப் பாருங்கள். பெரிய 7805-ல் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்த்திருக்க, இடப்பக்கம் உள்ளீடு, நடுவில் கிரவுண்ட், வலப்பக்கம் வெளியீடு. சின்ன 78எல்05-ல் தட்டை முகம் உங்களைப் பார்த்திருக்க, இடப்பக்கம் வெளியீடு, வலப்பக்கம் உள்ளீடு. அப்படியே தலைகீழ். ஒன்றுக்கு வரைந்த பலகையில் இன்னொன்றைப் போட்டால் இதுதான் நடக்கும்.

யூரோராக் (பகுதி பகுதியாகச் சேர்க்கும் சிந்தசைசர்) பஸ்ஸிலிருந்து, அதாவது அதன் பொது மின் பலகையிலிருந்து, மின்சாரம் எடுப்பவர்கள் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றதும் பிளஸ் என்று கை போய்விடும். இங்கே அது மைனஸ் 12 வோல்ட். திருப்பிச் செருகியிருந்து, பாதுகாப்பு டயோடும் இல்லை என்றால், ரெகுலேட்டரும் நானோவும் சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். நானோவை மட்டும் தனியாகக் கழற்றி யுஎஸ்பியில் செருகிப் பாருங்கள். கணினி அதை அடையாளம் கண்டால் ரெகுலேட்டரோடு செலவு முடிந்தது. புதிதாகப் போடும்போது உள்ளீட்டில் ஒரு 1என்5817 டயோடையும் சேர்த்துவிடுங்கள்.

5 வோல்ட் வருகிறது, ஆனால் ரெகுலேட்டர் தொட முடியாமல் சுடுகிறது, சில நிமிடங்களில் பெட்டி நின்றுவிடுகிறது என்றால் கணக்கு எளிது. 12-க்கும் 5-க்கும் இடையிலுள்ள 7 வோல்ட் முழுவதும் அதன் தலையில்தான் வெப்பமாக இறங்குகிறது. 60 மில்லி ஆம்பியர் இழுத்தாலே 0.42 வாட். 78எல்05-ன் உச்ச வரம்பு 100 மில்லி ஆம்பியர். திரை வைத்த பெட்டிக்கு அது போதாது. பெரிய 7805-க்கு மாறுங்கள்.

## அறிகுறி: மின்சாரம் இருக்கிறது, தட்டினால் அசைவே இல்லை

நான்கு கால் உள்ள சின்ன டாக்ட் பட்டனா? அதில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்திருக்கும். 90 பாகை திருப்பிப் பொருத்தியிருந்தால், தட்டாமலே எப்போதும் அழுத்தியபடி இருக்கும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து இரண்டு முனைகளைத் தொடுங்கள். அழுத்தாமலே பீப் கேட்டால் பட்டனைத் திருப்பிப் போடுங்கள். எப்போதும் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கால்களையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை வராது.

பட்டன் சரி என்றால் நிரலைப் பாருங்கள். மிக வேகமான தட்டல்களை ஒதுக்கும் வரம்பு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? ஏடிடைனி85 வைத்தவர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும். புதிய சிப், கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃப்யூஸ் (சிப்புக்குள் இருக்கும் ஓர் அமைப்பு, மின் ஃப்யூஸ் அல்ல) போட்ட நிலையில்தான் வரும். 8 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து நிரலை ஏற்றினால் அது 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நீங்கள் 500 மில்லி விநாடி இடைவெளியில் தட்டுவது அதற்கு 62.5 மில்லி விநாடியாகத் தெரியும். 200-க்குக் கீழே உள்ளதை ஒதுக்கு என்று நிரலில் இருந்தால் எல்லாத் தட்டலும் ஒதுக்கப்படும். அர்டுயினோ மென்பொருளில் 8 மெகாஹெர்ட்ஸ் உள் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்து, பூட்லோடர் எரிக்கும் (Burn Bootloader) கட்டளையை ஒருமுறை கொடுத்தால் ஃப்யூஸ் மாறிவிடும்.

## அறிகுறி: தட்டினதை விட மிக வேகமாக ஓடுகிறது

பட்டன் துள்ளல். அழுத்தும்போது உள்ளே இருக்கும் தகடு ஒரே அடியில் உட்காராது. சில மில்லி விநாடிக்குத் துள்ளும். ஒவ்வொரு துள்ளலையும் சிப் ஒரு தட்டலாக எண்ணிவிடும்.

முதல் மருந்து நிரலில்தான்: ஒரு தட்டலைக் கண்ட பிறகு 20 மில்லி விநாடிக்கு எதையும் கேட்காதே என்று எழுதுங்கள். அடுத்து, பட்டனை விடும்போதும் துள்ளும் என்பதை மறக்க வேண்டாம். அழுத்தும்போது மட்டும் பூட்டிவிட்டு, விடும்போது வரும் துள்ளலைப் புதிய தட்டலாக எண்ணும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீண்ட நேரம் அழுத்தி விட்டால் மட்டும் வேகம் தாவுகிறது, சட்டென்று தட்டினால் சரியாக இருக்கிறது என்றால் அதுதான்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் பட்டன் முனையை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரும், பட்டனுக்குக் குறுக்கே 100 நானோ ஃபாரட் கெபாசிட்டரும். அப்படியும் போகவில்லை என்றால் பட்டன் தேய்ந்துவிட்டது. சில ரூபாய்ப் பொருள், மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: சரியாகப் பாதி வேகம்

காலால் மிதிக்கும் சுவிட்சைப் போட்டிருக்கிறீர்களா? கிட்டார் பெடல்களில் வரும் ஒன்பது கால் மிதி சுவிட்சுகள் பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும் வகை: ஒரு மிதிக்கு இணையும், அடுத்த மிதிக்குப் பிரியும். இணைவதை மட்டும் எண்ணும் நிரலுக்கு இரண்டு மிதிக்கு ஒரு தட்டல்தான் கிடைக்கும். அழுத்தும்வரை மட்டும் இணைந்திருக்கும் மொமென்டரி வகை வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும்வரை, நிலை மாறும் ஒவ்வொரு முறையையும் தட்டலாக எண்ணும்படி நிரலை மாற்றி ஓட்டலாம்.

## அறிகுறி: எல்இடி சரி, சீக்வென்சர் மட்டும் பல மடங்கு வேகம் அல்லது மெதுவு

இது கோளாறே அல்ல. இரண்டு கருவிகளுக்கும் மொழி ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ஒரு கால் நோட்டுக்கு, அதாவது ஓர் அடிக்கு, எத்தனை பல்ஸ் என்பது கருவிக்குக் கருவி மாறும். கோர்க் வோல்கா வரிசை 2 பல்ஸ் எதிர்பார்க்கும். பழைய ரோலண்ட் கருவிகளின் டின் சிங்க் என்ற க்ளாக் முறை 24; அதே காலத்துக் கோர்க் கருவிகள் 48. 24 பல்ஸ் அனுப்பும் பெட்டியை வோல்காவில் செருகினால் 12 மடங்கு வேகத்தில் ஓடும். நிரலில் வகுக்கும் எண்ணை மாற்றினால் போதும். பெட்டியில் இடமிருந்தால் அதற்கொரு சுவிட்சே வைத்துவிடலாம்.

வேகம் ஏறத்தாழ சரி, ஆனால் கொஞ்சம் முந்துகிறது என்றால் வேறு விஷயம். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) ஒரு அடி 500 மில்லி விநாடி. அதை முழு எண் கணக்கில் 24-ஆல் வகுத்தால் 20 வரும், மீதி காணாமல் போகும். 24 பல்ஸும் சேர்ந்து 480 மில்லி விநாடிதான். ஓடுவது 125 பிபிஎம். மில்லி விநாடியை விட்டுவிட்டு மைக்ரோ விநாடியில் கணக்குப் போடுங்கள். 5,00,000-ஐ 24-ஆல் வகுத்தால் 20,833. ஒரு அடிக்கு 8 மைக்ரோ விநாடிதான் பிசகும்.

## அறிகுறி: எல்இடி மினுக்குகிறது, சிந்தசைசர் கேட்கவே மாட்டேன் என்கிறது

கேபிளை மாற்றுங்கள். உண்மையாகவே முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். மோனோ கேபிள்தானா, பிளக் முழுதாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிந்தசைசரில் க்ளாக்கை வெளியிலிருந்து எடு என்ற அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் மல்டிமீட்டர். இங்கே ஒரு எச்சரிக்கை: ஓடும் பல்ஸை மல்டிமீட்டரில் அளந்து 0.3 வோல்ட்தான் வருகிறது என்று பயந்துவிடாதீர்கள். 250 மில்லி விநாடிக்கு ஒருமுறை 15 மில்லி விநாடி நீளப் பல்ஸ் என்றால் மல்டிமீட்டர் காட்டும் சராசரி அவ்வளவுதான். பல்ஸ் முனையை நிரந்தரமாக 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் மூன்று வரி நிரலை ஏற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

- சிப்பின் காலில் 5 வோல்ட் இல்லை: அந்தக் கால் எரிந்திருக்கலாம். நிரலில் வேறொரு காலுக்கு மாற்றி, ஒரு கம்பியை மாற்றினால் போதும். நானோவைத் தூக்கிப் போட வேண்டாம். ஜாக்கில் தவறுதலாக வேறு கருவியின் வெளியீட்டைச் செருகினால் இப்படி ஆகும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கும் சிப்புக்கும் நடுவிலிருந்து 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஆளுக்கொரு ஷாட்கி டயோடு போட்டால் அடுத்த முறை தப்பும்.
- காலில் இருக்கிறது, ரெசிஸ்டருக்கு அப்பால் இல்லை: சாலிடர், அல்லது ஜாக்கின் முனை எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது.
- ஜாக் முனையிலும் 5 வோல்ட், கேபிள் செருகியதும் விழுந்துவிடுகிறது: கேபிளில் ஷார்ட்; இல்லாவிட்டால் ஒரே பல்ஸைப் பல கருவிக்குப் பிரித்திருக்கிறீர்கள். பிரிப்பதாக இருந்தால் பஃபர் (பல்ஸைப் பலமாக்கித் தரும் சுற்று) போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.
- 3.3 வோல்ட்தான் வருகிறது: நானோவுக்குப் பதில் இஎஸ்பி32 மாதிரியான பலகை போட்டிருப்பீர்கள். சில சிந்தசைசர்களுக்கு அது போதும், சிலவற்றுக்குப் போதாது. 5 வோல்ட் மின்சாரத்தில் 74எச்சிடி125 ஒன்றை நடுவில் வையுங்கள். அது 2 வோல்ட்டுக்கு மேலே இருப்பதை உயர்நிலை என்று எடுத்துக்கொண்டு முழு 5 வோல்ட்டாகக் கொடுக்கும். பெயரில் 'டி' இல்லாத 74எச்சி125-ஐ வாங்கிவிடாதீர்கள், அதற்கு 3.3 பத்தாது.

## அறிகுறி: நோட் விடாமல் ஒலிக்கிறது, அடி விழும்போது மட்டும் அறுபடுகிறது

அறிகுறியைக் கேட்டாலே காரணம் தெரிந்துவிடுகிற ஒன்று இது. கோர்க் எம்எஸ்-20, பழைய மூக் கருவிகள் ஆகியவை வோல்ட் ஏறுவதைப் பார்ப்பதில்லை. உள்ளீடு கிரவுண்டோடு சேர்வதைத்தான் தூண்டலாக எடுத்துக்கொள்ளும். உங்கள் பெட்டி சும்மா இருக்கும்போது 0 வோல்ட்டில் இருக்கிறது. அதுவே அதற்குத் தூண்டல்.

ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும். பல்ஸ் முனையிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் ஜாக் முனைக்கு. தட்டை முகம் உங்களைப் பார்த்திருக்க, பிசி547-ல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கையில் 2என்3904 இருந்தால் வரிசை திரும்பிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வோல்ட் ஏறுவதைப் பார்க்கும் கருவிக்கு நடுவில் 74எச்சி14 மாதிரித் தலைகீழாக்கும் சிப் ஒன்றை வைத்துவிட்டால், பல்ஸ் முடியும்போதுதான் அது தூண்டப்படும். 15 மில்லி விநாடிப் பல்ஸ் என்றால் அந்த அளவு தாமதம், காதுக்கு ஏதோ பின்தங்குவது மாதிரி இருக்கும். பாதி அடி நீளப் பல்ஸ் என்றால் எதிர்த்தாளத்தில் ஒலிக்கும். இன்னொரு முறையும் தலைகீழாக்குங்கள், அல்லது நிரலில் உயர்நிலை தாழ்நிலையை மாற்றி எழுதுங்கள்.

## அறிகுறி: வேகம் சரி, ஆனால் சில நிமிடத்தில் மற்றவர்களிடமிருந்து விலகுகிறது

இந்த அறிகுறியைக் கண்டதும் எல்லோரும் கிரிஸ்டல் வாங்கக் கிளம்புகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். நீங்கள் தட்டும் இடைவெளியை அளப்பதும் அதே கடிகாரம், திருப்பி ஓட்டுவதும் அதே கடிகாரம். அது இரண்டு சதவீதம் மெதுவாக இருந்தால் அளவிலும் இரண்டு சதவீதம் தப்பு, ஓட்டத்திலும் இரண்டு சதவீதம் தப்பு. ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஏடிடைனி85-ன் உள் கடிகாரம் ஆலையிலிருந்து வரும்போது 10 சதவீதம்வரை விலகியிருக்கலாம். அப்படியிருந்தும் தட்டிய வேகம் சரியாகவே வரும். திரையில் காட்டும் பிபிஎம் எண்தான் தப்பாக இருக்கும். எண்ணாகச் சேமித்து வைத்த வேகத்தை எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமே கிரிஸ்டல் அவசியம்.

விலகலுக்கு உண்மையான காரணம் விரல். 120 பிபிஎம்மில் இரண்டே தட்டலை வைத்துக் கணக்கிட்டால், 10 மில்லி விநாடிப் பிசகு என்பது 2 சதவீதம். மூன்று நிமிடப் பாட்டில் 3.6 விநாடி. முதல் தட்டலுக்கும் ஐந்தாவது தட்டலுக்கும் இடைப்பட்ட நேரத்தை நான்கால் வகுத்தால் அதே பிசகு 0.5 சதவீதமாகச் சுருங்கும். ஐந்து தட்டல் தட்டச் சொல்லுங்கள். இதுதான் செலவில்லாத வைத்தியம். டிரம் மெஷினோடு பாட்டு முழுக்க ஒட்டிப் போக வேண்டும் என்றால் டாப் டெம்போ அதற்கான கருவி அல்ல. டிரம் மெஷினின் க்ளாக்கையே சிந்தசைசருக்குக் கொடுங்கள்.

வேகம் ஒட்டுகிறது, அடி விழும் இடம்தான் தள்ளியிருக்கிறது என்றால், கடைசித் தட்டல் விழும் கணத்திலிருந்து புதிய அடியைத் தொடங்கும்படி நிரலை எழுதவில்லை. அதைச் சேர்க்கும்போது இன்னொரு சிக்கல் முளைக்கும்: பழைய வேகத்தின் பல்ஸ் ஒன்று போய்ச் சில மில்லி விநாடியில் தட்டலின் பல்ஸும் போகும், சீக்வென்சர் ஒரு படி கூடுதலாகத் தாவிவிடும். முந்தைய பல்ஸ் போய் அரை இடைவெளிகூட ஆகாதபோது தட்டல் வந்தால், புதிய பல்ஸ் அனுப்பாமல் கணக்கை மட்டும் அங்கிருந்து தொடங்குங்கள். முதல் அடி முதல் படியில்தான் விழ வேண்டும் என்றால் ரீசெட்டுக்கும் ஒரு ஜாக் வேண்டும். கருவியில் ரீசெட் உள்ளீடு இல்லை என்றால் நிறுத்தித் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

வெகுநேரம் சும்மா இருந்துவிட்டுத் தட்டினால் வேகம் ஆமையாகிறதா? பழைய தட்டலோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறது. 2 விநாடிக்கு மேல் இடைவெளி வந்தால் அதைப் புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 30 பிபிஎம்வரை அது போதும்.

## அறிகுறி: குறிப்பிட்ட நேரம் ஓடிய பிறகு பைத்தியம் பிடிக்கிறது

எத்தனை நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுமார் 33 விநாடியில் எல்இடி தொடர்ந்து எரியத் தொடங்கினால், நேரத்தை இன்ட் (int) வகை மாறியில் வைத்திருக்கிறீர்கள். நானோவில் அது 32,767 வரைதான் எண்ணும். நேரம் வைக்கும் எல்லா மாறியையும் அன்சைன்ட் லாங் (unsigned long) ஆக்குங்கள்.

சுமார் 71 நிமிடத்தில் நின்றுபோனால், மைக்ரோ விநாடி எண்ணி முழுச் சுற்று சுற்றி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. 'இப்போதைய நேரம் அடுத்த பல்ஸ் நேரத்தைத் தாண்டிவிட்டதா' என்று ஒப்பிடாமல், 'இப்போதையதிலிருந்து முந்தைய பல்ஸ் நேரத்தைக் கழித்தால் இடைவெளிக்குச் சமமோ அதிகமோ' என்று ஒப்பிடுங்கள். வீட்டில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது இது தலைகாட்டாது, மேடையில்தான் காட்டும். அதனால் கச்சேரிக்கு எடுத்துப் போகும் பெட்டியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

நேரம் ஒழுங்கில்லாமல், யாரும் தொடாமலே வேகம் தாவுகிறது, மின்விசிறி சுவிட்சைப் போட்டால் தாவுகிறது என்றால் அது நிரல் அல்ல. மிதி சுவிட்சுக்குப் போகும் நீளக் கம்பி ஆன்டெனாவாகிவிட்டது. சிப்பின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம்வரை. நீளக் கம்பிக்கு அது பலவீனம். வெளியே 4.7 கிலோ ஓம் போட்டு, ஷீல்டு உள்ள கேபிளுக்கு மாறுங்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு அடிக்கும் ஸ்பீக்கரில் டிக்

எல்இடி இழுக்கும் மின்னோட்டம் ஆடியோவின் கிரவுண்ட் கம்பியிலேயே திரும்பிப் போகிறது. எல்இடியின் ரெசிஸ்டரை 220 ஓமிலிருந்து 2.2 கிலோ ஓமுக்கு ஏற்றுங்கள். இன்றைய எல்இடிகளுக்கு அந்த வெளிச்சமே தாராளம். டிக் குறைந்தால் காரணம் உறுதி. மிச்சமும் போக, நானோவின் கிரவுண்டைத் தனிக் கம்பியாக மின்சாரம் நுழையும் இடம்வரை கொண்டு போங்கள். ரெகுலேட்டருக்கு முன்னால் 22 ஓம் ரெசிஸ்டரும், அதற்கு அப்பால் கிரவுண்டுக்கு 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் வையுங்கள்.

டிக் இல்லாமல் தொடர்ந்து கீச்சென்று கேட்டால், பிடபிள்யூஎம் (முனையை வேகமாக ஆன்-ஆஃப் செய்து இடைநிலை வோல்ட் எடுக்கும் முறை) மூலம் எல்எஃப்ஓ என்ற மெதுவான அலையையும் எடுக்கிறீர்கள். நானோவின் வழக்கமான பிடபிள்யூஎம் 490 ஹெர்ட்ஸ், 5 மற்றும் 6 முனைகளில் 976; இரண்டும் காதுக்குக் கேட்கும். 9 அல்லது 10-ஆம் முனைக்கு மாற்றி, டைமர் 1-ஐ 31 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். டைமர் 0-வை மட்டும் தொடாதீர்கள். நேரக் கணக்கே அதை நம்பித்தான் இருக்கிறது.

## எப்போது டெக்னீஷியனிடம் போவது

பெட்டி உங்களுடையது, அதில் எதையும் பிரித்துப் பார்க்கலாம். சிந்தசைசரின் மூடியைத் திறக்க வேண்டிய இடம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், குறிப்பாக உள்ளேயே 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய கருவிகளில். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்த இடம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை: சரியாக வேலை செய்யும் வேறொரு சீக்வென்சரின் க்ளாக்கை, அதே வகைத் தூண்டலும் அதே பல்ஸ் எண்ணிக்கையும் உள்ளதாகப் பார்த்து, அதே உள்ளீட்டில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கருவியின் உள்ளீட்டுப் பகுதி போயிருக்கிறது. உங்கள் பெட்டியைச் செருகியபோது கருவியின் சுருதி சரிந்தாலோ, விளக்குகள் மங்கினாலோ, கருகல் வாடை வந்தாலோ இந்தச் சோதனைகூட வேண்டாம், உடனே பிடுங்கிவிடுங்கள்.

கொண்டு போகும்போது டாப் டெம்போ பெட்டியையும் அதன் சுற்று வரைபடத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள். எந்த ஜாக்கில் எத்தனை வோல்ட் கொடுத்தீர்கள், என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவரிடம் ஆசிலோஸ்கோப் இருந்தால் பெட்டியின் பல்ஸையும் ஒருமுறை அதில் பார்த்துத் தரச் சொல்லுங்கள். பல்ஸின் உயரமும் நீளமும் மல்டிமீட்டரில் தெரியாது.